மாநிலக் கணக்கை எங்க மாவட்டக் கணக்குன்னு போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தக்கலையில டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். உங்க பேப்பர் வெள்ளனயே கடைக்கு வந்துரும், முதல் ஆள் ஆதார் ஜெராக்ஸுக்கு வர்றதுக்குள்ள நான் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சு முடிச்சிருவேன், அந்த உரிமையில எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி குமரி மாவட்டப் பொருளாதாரம் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. தோவாளை பூ, மார்த்தாண்டம் தேன், குளச்சல் மீன்னு எல்லாம் அழகா எழுதியிருந்தாரு உங்க நிருபர், படிக்க நல்லா இருந்துச்சு. ஆனா நம்பர்னு வந்த எடத்துல எல்லாம் தமிழ்நாட்டு நம்பர். தனிநபர் வருமானம் தமிழ்நாடு, கூலி தமிழ்நாடு, வங்கிக் கடன் தமிழ்நாடு. தலைப்புல மட்டும் குமரி. சென்னையையும் கோயம்புத்தூரையும் ஓசூரையும் சேத்துக் கலக்குன சராசரிய கொண்டு வந்து திருவட்டாறுல வச்சா அது எப்பிடி ஒட்டும்?

அதை விட்டுடலாம்னு தான் இருந்தேன். அடுத்த வாரமே ஒரு பையன் கடைக்கு வந்தான், பி.காம் கடைசி வருஷம், பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்கணும், மறுநாள் காலைல சப்மிட் பண்ணணுமாம், மணி ராத்திரி ஒன்பது ஆவப் போவுது. நான் பேஜ் செட்டிங் பாக்கும்போது ஒரு டேபிள் கண்ணுல பட்டுச்சு. கன்னியாகுமரி மாவட்ட வங்கி டெபாசிட்னு தலைப்பு, கீழ நம்பருக்குப் பக்கத்துல லட்சம் கோடின்னு போட்டிருக்கான். லே மக்கா, 2011 சென்சஸ்ல நம்ம மாவட்ட ஜனத்தொகை 18,70,374, நீ போட்ட நம்பர அதால வகுத்தா தொட்டில்ல கெடக்குற கொழந்தை பேர்ல கூட பல நூறு கோடி இருக்கணுமேன்னு கேட்டேன். அவன் முழிக்கான். எங்கேருந்து எடுத்தேன்னு கேட்டா, சீனியர் அண்ணன் குடுத்த பழைய பிராஜெக்ட்டுல இருந்துச்சு அண்ணாச்சி, வருஷத்த மட்டும் மாத்துனேன்னு சொல்லுதான். நடுவுல கரண்டும் போச்சு. இன்வெர்ட்டர்ல ஒரு கம்ப்யூட்டர் ஓடும், அதுல ரெண்டு பேரும் ஒக்காந்து ரிசர்வ் பேங்க் டேட்டா வெப்சைட்ட தொறந்து தேட ஆரம்பிச்சோம், முடியும்போது மணி பதினொன்ன தாண்டிருச்சு.

அன்னைக்கு ஆரம்பிச்ச பைத்தியம் இன்னும் விடல, கடைல ஆள் இல்லாத நேரம் எல்லாம் அதத்தான் பாத்துட்டு இருக்கேன், வீட்டுக்காரி ஷேர் மார்க்கெட்ல எறங்கிட்டேன்னு நெனைச்சு ரெண்டு நாள் பேசல. அதுல தெரிஞ்சுக்கிட்டத உங்க நிருபருக்கும், இந்த மாதிரி பிராஜெக்ட் பண்ணுற பிள்ளைகளுக்கும் சொல்லலாம்னு தான் இந்தக் கடிதம்.

எல்லாரும் முதல்ல போய் முட்டுற எடம் ரிசர்வ் பேங்க் வருஷா வருஷம் போடுற மாநிலங்கள் புள்ளிவிவரக் கையேடு. 2016ல இருந்து வருது, ஒரு மாநிலத்தோட உற்பத்தி, விவசாயம், விலைவாசி, கூலி, ரோடு, கரண்டு, வங்கி, பட்ஜெட் எல்லாம் ஒரே எடத்துல இருக்கும், பல வருஷத்துக்கு பின்னாடி வரைக்கும் போவும். பிரமாதமான புஸ்தகம், சந்தேகமே இல்ல. ஆனா அது பேருலயே இருக்கு, மாநிலங்கள். அதுல கன்னியாகுமரின்னு ஒரு வரி கெடைக்காது. இன்னொன்னு, அதுல இருக்குற நம்பர் எல்லாம் ரிசர்வ் பேங்க் எடுத்த நம்பர் இல்ல, மாநில உற்பத்தி தேசிய புள்ளியியல் அலுவலகம் குடுத்தது, கிராமக் கூலி மத்திய அரசோட லேபர் பீரோ எடுத்தது, ரிசர்வ் பேங்க் அத ஒண்ணா அடுக்கி வச்சிருக்கு அவ்வளவுதான். ரிசர்வ் பேங்க் ஆய்வு சொல்லுதுன்னு தலைப்பு போடுறதுக்கு முன்னாடி டேபிளுக்கு அடியில பொடி எழுத்துல என்ன இருக்குன்னு ஒரு தடவ பாருங்க.

கூலிய வச்சே சொல்லுறேன். 2022-23க்கு அந்தக் கையேட்டுல கிராமப்புற விவசாயக் கூலி கேரளாவுல ஒரு நாளைக்கு ஏறக்குறைய 764 ரூவா, தமிழ்நாட்டுல 470 ரூவா. உங்க கட்டுரையில இந்த 470 தான் வந்துச்சு. குலசேகரத்துல போய் 470 ரூவாய்க்கு ஆள் வேணும்னு கேட்டுப் பாருங்க, டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வைப்பாங்க. களியக்காவிளை தாண்டுனா கேரளா, காலைல பஸ் ஏறி பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு வேலைக்குப் போறவங்க எத்தன பேரு, அந்தக் கூலி தெரிஞ்ச ஆளு இங்க கம்மிக்கு எதுக்கு வரணும். எங்க வீட்டு மாடிக்கு வந்த கொத்தனாரு பேச்ச ஆரம்பிச்சதே அந்தப் பக்கம் என்ன குடுக்காங்க தெரியுமான்னு தான். நம்ம கூலி தமிழ்நாட்டு வரிசையிலயும் இல்ல கேரளா வரிசையிலயும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ, கேரளாப் பக்கமா சாஞ்சு நிக்குது. 1956 நவம்பர் 1ல திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு வந்தோம் சரி, கூலி இன்னும் முழுசா பிரிஞ்சு வரல.

அப்போ மாவட்டக் கணக்கு ரிசர்வ் பேங்க்ல இல்லவே இல்லையான்னா, இருக்கு. வங்கிக் கணக்கு மட்டும் இருக்கு, அதுவும் நல்ல கணக்கு. 1972ல இருந்து வங்கிக எல்லாம் கிளை வாரியா ஒரு ரிட்டர்ன் அனுப்பணும், பேசிக் ஸ்டாடிஸ்டிகல் ரிட்டர்ன்னு பேரு, பேங்க்ல வேலை பாக்குறவங்க பிஎஸ்ஆர்னு சொல்லுவாங்க, ஒண்ணு கடனுக்கு, ரெண்டு டெபாசிட்டுக்கு. இதே வரிசையில வர்ற ரிட்டர்ன வச்சு மூணு மாசத்துக்கு ஒருக்கா, மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசித் தேதிக் கணக்கா, மாவட்ட வாரியா எத்தன கிளை, எவ்வளவு டெபாசிட், எவ்வளவு கடன்னு ஒரு டேபிள் போடுறாங்க. வருஷத்துக்கு ஒருக்கா வர்ற பெரிய தொகுப்புல கடன் எந்தத் தொழிலுக்குப் போச்சுங்கிறதும் இருக்கு. இதெல்லாம் இருக்குற ரிசர்வ் பேங்க் டேட்டா வெப்சைட்டுக்கு டிபிஐஇ-ன்னு பேரு, அத 2023 ஜூன் கடைசியில புது சிஸ்டத்துக்கு மாத்திட்டாங்க, அதனால பழைய பிராஜெக்ட்டுல இருக்குற லிங்க்க அப்பிடியே காப்பி அடிச்சா வேலைக்கு ஆவாது. கன்யாகுமரின்னு இங்கிலீஷ்ல தேடி ஒண்ணும் வரலன்னா நடுவுல இன்னொரு ன் சேத்து, ய-வுக்கு முன்னாடி ஒரு இ போட்டு கன்னியாகுமரின்னு தேடுங்க, சென்சஸ்ல அந்த ஸ்பெல்லிங் தான். டவுன்லோட் பண்ணுன உடனே முதல் வேலையா டேபிள் தலையில கோடியா லட்சமான்னு பாருங்க. அந்தப் பையன் மாட்டுனது அதுலதான்.

இதுல நமக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருக்கு. தமிழ்நாட்டுல முக்காவாசி மாவட்டம் பிரிஞ்சு பிரிஞ்சு பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒட்டாது. திருநெல்வேலிய எடுத்துக்கோங்க, 2019ல தென்காசி தனியாப் போச்சு, அந்த வருஷம் டெபாசிட் கொறஞ்ச மாதிரி தெரியும், ஆனா ஒருத்தரும் பணத்த எடுத்துட்டு ஓடல, கோடு தான் மாறுச்சு. குமரிய யாரும் பிரிக்கல, தாலுகா தான் கூடுச்சு. அதனால பழைய காலத்துல இருந்து ஒரே நூல் புடிச்ச மாதிரி பாத்துட்டு வரலாம், ஆராய்ச்சி பண்ணுறவங்களுக்கு இது பெரிய வசதி, யாரும் பயன்படுத்துற மாதிரி தெரியல. ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும், வங்கி வாரியா பிரிச்சுப் பாத்தா 2017 ஏப்ரல் 1ல ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் ஸ்டேட் பேங்க்கோட சேந்துருச்சு. எங்க ஊருல எஸ்பிடி பாஸ்புக் இல்லாத வீடு கம்மி, அதனால அந்த எடத்துல கணக்கு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு தாவுன மாதிரி இருக்கும்.

இப்போ எனக்கு நடந்தத ஒண்ணு சொல்லுறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கலர் பிரிண்டிங் மெஷின் வாங்க ஒரு பேங்க்ல கடன் கேட்டுப் போனேன், எந்த பேங்க்னு வேண்டாம். மேனேஜர் நல்ல மனுஷன் தான், ஆனா சொன்ன பதிலு என்னன்னா, உங்க மாவட்டத்துல டெபாசிட் போடத்தான் ஆள் இருக்கு, கடன் வாங்கித் தொழில் பண்ண ஆள் இல்ல, அதனால மேல இருந்து டார்கெட்டே கம்மின்னாரு. கடைசியில வீட்டுக்காரி நகையப் பணயம் வச்சுதான் மெஷின் வாங்குனேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு இருபது வருஷக் கணக்கு ஒரு எக்செல் ஷீட்டுல கெடக்குன்னு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா நான் அவர்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன்.

அந்தக் கேள்வி இதுதான். கடன் டெபாசிட் விகிதம்னு ஒண்ணு இருக்கு, நம்ம மாவட்டத்துக் கிளைகள்ல மக்கள் போட்ட நூறு ரூவாயில எத்தன ரூவா இங்கேயே கடனாப் போச்சுங்கிற கணக்கு. அந்த டேபிள்ல ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, கால்குலேட்டர் போதும். ஒரு மாவட்டத்துல அது 40 சதவீதத்துக்குக் கீழ போனா தனியா ஒரு சப் கமிட்டி போட்டு ஏன்னு பாக்கணும்னு 2005லயே ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. அது மட்டும் இல்ல, விவசாயம், சின்னத் தொழில் மாதிரி எடத்துக்கு வங்கி இவ்வளவு குடுத்தே ஆவணும்னு இலக்கு வச்சிருக்குற முன்னுரிமைக் கடன்ல தலைக்கு எவ்வளவு போவுதுன்னு மாவட்ட வாரியா பாத்து, கம்மியா இருக்குற மாவட்டத்துல குடுத்தா அந்தக் கடன வங்கியோட இலக்குக் கணக்குல 125 சதவீதமா எடுத்துக்குவாங்க, கூடுதலா இருக்குற மாவட்டத்துல குடுத்தா 90 சதவீதம் தான். 2021-22ல ஆரம்பிச்சப்போ தலைக்கு 6,000 ரூவாய்க்குக் கீழ, 25,000 ரூவாய்க்கு மேலன்னு கோடு போட்டாங்க, 2024-25ல இருந்து 9,000, 42,000ன்னு மாத்துனாங்க. அதாவது மாவட்ட நம்பரு சும்மா புஸ்தகத்துல அடுக்குறதுக்கு இல்ல, என்ன மாதிரி கடைக்காரன் வாங்குற கடன பேங்க் எவ்வளவு ஆசையா குடுக்கும்ங்கிறதே அதுல தொங்குது. விகிதம் எவ்வளவுன்னு நான் இங்க எழுதல, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாறுறது, நீங்க அச்சடிக்கிற அன்னைக்கு எது புதுசோ அத நீங்களே எடுத்துப் போடுங்க.

ஆனா அந்த நம்பர அப்பிடியே நம்பிடவும் கூடாது, இங்கதான் உங்க நிருபரோட வேலை இருக்கு. அதுல வர்றது ரிசர்வ் பேங்க் பட்டியல்ல இருக்குற ஷெட்யூல்டு வணிக வங்கிக மட்டும், கிராம வங்கியும் அதுக்குள்ள வந்துரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்துல போட்ட பணம் அதுல கெடையாது. நகைக்கடன் கம்பெனிக கெடையாது, மார்த்தாண்டத்துல இருந்து தக்கலை வரைக்கும் ரோட்டுல வண்டில போனா டீக்கடைய விட நகைக்கடன் போர்டு தான் கூடுதலா கண்ணுல படும், அதுல மெயின் ஆளுக எல்லாம் வங்கி இல்ல. சீட்டும் அதுல வராது. குமரி குடும்பம் ஒண்ணு ஆத்திர அவசரத்துக்கு எங்க போவுதோ அந்த எடம் பூரா இந்த டேபிளுக்கு வெளிய இருக்கு. உள்ள வர்றதுலயும் விவசாயக் கடன்னு ஒரு பெரிய நம்பர் இருக்கும், அத பாத்துட்டு வாழையும் ரப்பரும் கடன்ல தழைக்குதுன்னு எழுதிராதீங்க, அதுல எவ்வளவு நகைய வச்சு வாங்குனதுன்னு ஒரு கிளார்க்க தனியா கூப்பிட்டு கேளுங்க, சிரிப்பாரு.

எந்த எடத்துக் கணக்குல சேருதுங்கிறதும் ஒரு வம்பு. கடன சாங்ஷன் பண்ணுன எடம் வேற, செலவழிச்ச எடம் வேற. ரிசர்வ் பேங்க் ரெண்டையும் தனித்தனியா கேட்டு வாங்குது, ஆனா நம்ம ஆளுக முதல்ல கண்ணுல பட்டத எடுத்துப் போட்டுருவாங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கரண்டு எடுக்கச் சுத்துற காத்தாடிக்கு கடன் சென்னையிலயோ மும்பையிலயோ எழுதுனா அது அந்த ஊர்க் கணக்கு, இங்க காத்தாடி நிழல் மட்டும் தான் விழும். டெபாசிட்டுலயும் இதே கதை தான். களியக்காவிளைக்காரன் துபாய்ல இருந்து அனுப்புற பணத்த பாறசாலையிலயோ திருவனந்தபுரத்துலயோ வச்சிருக்குற அக்கவுண்ட்டுக்கு அனுப்புனா அது கேரளாக் கணக்கு. வெளிநாட்டுப் பணம் பத்தி ரிசர்வ் பேங்க் எடுத்த சர்வே 2025 மார்ச் புல்லட்டின்ல வந்துச்சு, 2023-24ல நாட்டுக்கு வந்த பணத்துல மகாராஷ்டிரா 20.5 சதவீதம், கேரளா 19.7, தமிழ்நாடு 10.4. அந்த 19.7லயும் நம்ம ஆளு ஒழைப்பு கொஞ்சம் ஒளிஞ்சு கெடக்கு, 10.4லயும் கெடக்கு, ஆனா குமரின்னு தனியா எடுத்துப் பாக்க வழி கெடையாது, அந்த சர்வேல மாவட்டம்ங்கிற பேச்சே இல்ல.

கிராமம் நகரம்ங்கிற பிரிவு இன்னொரு வேடிக்கை. ரிசர்வ் பேங்க் கணக்குல ஜனத்தொகை பத்தாயிரத்துக்குக் கீழ இருந்தா கிராமம், பத்தாயிரத்துல இருந்து ஒரு லட்சத்துக்குள்ள அரை நகரம், ஒரு லட்சத்துல இருந்து பத்து லட்சத்துக்குள்ள நகரம், அதுக்கு மேல பெருநகரம். நம்ம மாவட்டத்துல அம்பது வாக்குல பேரூராட்சி இருக்கு, சென்சஸ் படி மாவட்டத்துல 100க்கு 82 பேரு நகரவாசி. வீட்டுப் பின்னாடி மரச்சீனி நட்டு, முன்னாடி மாடு கட்டி, காலைல ரப்பர் பால் வெட்டப் போறவரு எல்லாம் கணக்குல டவுன்காரரு. அதனால டேபிள்ல கிராமக் கிளைங்கிற கட்டத்துல நம்ம மாவட்டத்துக்கு பெருசா ஒண்ணும் இருக்காது, அத பாத்துட்டு குமரி கிராமத்த வங்கிகள் புறக்கணிக்குதுன்னு தலைப்பு வச்சிராதீங்க, புறக்கணிக்காங்களா இல்லையாங்கிறது வேற கேள்வி, அத இந்தக் கட்டம் சொல்லாது.

விலைவாசி பத்தி சொல்ல பெருசா இல்ல. ரிசர்வ் பேங்க் வீடு வீடாப் போய் விலை ஏறுமா எறங்குமான்னு மக்கள்கிட்ட கேக்குற சர்வே ஒண்ணு 19 நகரத்துல நடக்கும், அதுல சென்னை இருக்கு, திருவனந்தபுரம் இருக்கு. நாகர்கோவிலுக்கு ரெண்டு மணி நேரத்துல இருக்குற திருவனந்தபுரம் தான் நம்ம மனசுக்கு கிட்ட, சென்னைக்குப் போக ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல படுக்கணும், ஆனா தமிழ்ப் பேப்பருங்க சென்னைய தான் போடும்.

என் மச்சினன் மகன் அமெரிக்காவுல ஒஹையோவுல இருக்கான், அவன்கிட்ட இதப் பேசும்போது சிரிச்சான். அங்க மத்திய வங்கிக்கே பன்னிரண்டு வட்டார வங்கி இருக்காம், அவன் ஊரு கிளீவ்லாந்து வட்டாரம். செயின்ட் லூயிஸ் வட்டார வங்கி ஃப்ரெட்னு ஒரு டேட்டா சைட் 1991ல இருந்து நடத்துது, அதுல நம்ம மாவட்டம் மாதிரி கவுண்டி வரைக்கும் வேலையில்லாதவங்க எத்தன சதவீதம்னு கோடு போட்டுக் காட்டுது. அதுக்கும் மேல பெய்ஜ் புக்குன்னு ஒண்ணு, வருஷத்துக்கு எட்டு தடவ, ஒவ்வொரு வட்டாரத்துலயும் கடைக்காரன், பேங்க்காரன், ஃபேக்டரிக்காரன்கிட்ட வியாபாரம் எப்பிடின்னு கேட்டு எழுதிப் போடுறாங்க. மீன் ஏலம் எடுக்குறவர்கிட்டயும் தோவாளையில பூ கட்டி அனுப்புறவர்கிட்டயும் அப்பிடி ஒரு அதிகாரி வந்து கேட்டா எப்பிடி இருக்கும்னு நெனைச்சுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு.

அந்த அளவு வேண்டாம், இங்க இருக்குறதயே வெளிய கொண்டு வந்தா போதும். முன்னோடி வங்கித் திட்டம் 1969 டிசம்பர்ல இருந்து இருக்கு. மத்த வங்கிகள ஒருங்கிணைக்க மாவட்டத்துக்கு ஒரு முன்னோடி வங்கி, கலெக்டர் தலைமையில மாவட்டக் குழு, அகஸ்தீஸ்வரத்துல இருந்து மேல்புறம் வரைக்கும் ஒன்பது வட்டாரத்துக்கும் கீழ ஒரு கமிட்டி. நபார்டு வருஷா வருஷம் மாவட்டத்துக்குன்னு எவ்வளவு கடன் எந்தத் தொழிலுக்கு முடியும்னு ஒரு திட்டப் புஸ்தகம் போடுது. அந்தக் கூட்டத்த நீங்க ஒரு போட்டோவோட முடிச்சிருவீங்க, கலெக்டர் பேசினாரு, அதிகாரிகள் கலந்துக்கிட்டாங்கன்னு. எந்த வட்டாரத்துல எவ்வளவு டார்கெட், எவ்வளவு குடுத்தாங்க, கிள்ளியூருக்கும் தோவாளைக்கும் என்ன வித்தியாசம், இதுல ஒரு வரி கூட வராது. அந்த பேப்பர கேட்டு வாங்குங்க, நிருபர் கேட்டா குடுப்பாங்க, நான் கேட்டா ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு எதுக்குன்னு கேப்பாங்க.

என் கோரிக்கை சின்னது. மூணு மாசத்துக்கு ஒருக்கா மாவட்டப் பக்கத்துல ஒரு கட்டம் போடுங்க, உள்ளங்கை அளவு போதும், சினிமா விளம்பரத்துக்குக் கீழ இருந்தாலும் சரி. கன்னியாகுமரி மாவட்டம், கிளை எத்தன, டெபாசிட் எவ்வளவு, கடன் எவ்வளவு, போன வருஷம் இதே தேதியில எவ்வளவு. அடியில ஒரு வரி, இதுல கூட்டுறவும் நகைக்கடன் கம்பெனியும் சேரலன்னு. தமிழ்நாட்டு நம்பர் போடணும்னா பக்கத்துல தமிழ்நாடுன்னு பேரோட போடுங்க.

அந்தப் பையன் மறுநாள் காலைல வந்து ஸ்பைரல் பைண்டிங் பண்ணிட்டு போனான், டேபிள் ஒண்ணு தான் மாறுச்சு, மத்த அறுபது பக்கமும் அதே சீனியர் அண்ணன் எழுதுனது தான், என்ன செய்ய. அடுத்த காலாண்டு டேபிள் வந்ததும் நான் அதுல குமரி வரிய மட்டும் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து கடைக் கதவுல ஒட்டப் போறேன். உங்க நிருபர் இந்தப் பக்கம் வந்தா பாத்து எழுதிட்டுப் போவட்டும், டீ என் செலவு.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
தக்கலை